மெயின் ஜெட்டில் சந்தனம்

மாப்ள,

இன்று காலை நம் வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினேன். பெரிய எண்ணம் எதுவும் இல்லை. மங்கலம்பேட்டையில் ஒருவர் நம்முடையதைப் போலவே ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை வைத்துக்கொண்டு கார்புரேட்டர் கிடைக்காமல் அலைகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். கொட்டகையில் தூங்குவதைக் கொடுத்துவிடலாம், கொடுப்பதைச் சுத்தம் செய்து கொடுப்போம் என்று பின்வாசல் படியில் உட்கார்ந்து திருகுகளை எடுத்தேன். அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் வற்றி வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் இருக்கும், என்ஜினுக்குப் பெட்ரோல் அளந்து விடும் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். அதன் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தது.

ஒயரை உரித்து, ஒற்றைச் செம்பு இழையை உள்ளே விட்டுக் குடைந்தேன். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. துரு என்று நினைத்தேன். பித்தளையில் துரு ஏது? விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு வந்தது, மாப்ள. சந்தனம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுமதி காப்பி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, தலைய சுத்துதா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். என் மனைவியிடம்கூட அந்த நிமிஷத்தில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வருடமாக ஒரு பழியை உன் கை மேல் போட்டு வைத்திருந்தேன். நீயும் அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய். அது என் பழி என்று இன்று காலை எட்டரை மணிக்குத் தெரிந்தது. உன்னிடம் நேரில் சொல்ல வழியில்லை என்பதால் எழுதுகிறேன். நான் எழுத்தில்தான் நிதானமானவன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வாயில் அந்த நிதானம் கிடையாது என்பதற்கு உன்னைவிடப் பெரிய சாட்சி யாரும் இல்லை.

உன்னை மாப்ள என்று கூப்பிட உரிமை வருவதற்கு முன்பே நாம் சிதம்பரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நான் இயற்பியல் என்று போனேன், நீ ஸ்பேனர் என்று போனாய். பிறகு நீ என் தங்கை வனிதாவைக் கட்டிக்கொண்டபோது என் அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். “மாப்பிள்ளைய இனிமே வாடா போடான்னு கூப்புடாதடா, நாலு பேரு என்னா நெனைப்பாங்க?” நானும் ஒரு வாரம் “வாங்க, உட்காருங்க” என்று மரியாதை கொடுத்துப் பார்த்தேன். “மச்சான், நீ இப்படிப் பேசினா எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குது. பழையபடி திட்டிடு” என்று நீதான் என்னை விடுவித்தாய்.

அந்த வண்டி நம் இருவருக்கும் பொதுச் சொத்து. கல்யாணத்துக்கு முன்பு சேத்தியாத்தோப்பில் ஒரு பால்காரரிடம் வாங்கினோம். பால் கேன் தொங்கிய வண்டியை நீ மண்ணுக்கென்று மாற்றிக் கட்டினாய். சைலன்சரைத் தூக்கி மேலே வைத்தாய், மட்கார்டை உயர்த்தினாய், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மாட்டினாய். கோடையில் வெள்ளாற்று மணலிலும் அறுப்பு முடிந்த கழனிகளிலும் அதை ஓட்டினோம். ஓட்டினோம் என்ன ஓட்டினோம், நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்து விழுந்தேன். சிதம்பரத்து வீட்டில் நிறுத்த இடமில்லை என்று அது என்னோடு கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்து வீட்டுக் கொட்டகையில் படுத்தது. ஒரு நாள் எழுப்பலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு உனக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வாய் இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டது, காலும் வந்துவிட்டது, வலது கை மட்டும் முழுசாக வரவில்லை. பந்தை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினாய். விரல்கள் நீ சொன்னதைக் கேட்டன, ஆனால் கொஞ்சம் யோசித்துக் கேட்டன. தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் இருந்த உன் மெக்கானிக் கடையின் ஷட்டரை இறக்கினாய். அப்புறம் ஒரு நாள் வனிதா போன் செய்தாள்.

“அண்ணா, அவரு டீ கிளாச ரெண்டு கையால புடிக்கிறாரு. தெருவுல வண்டி சத்தம் கேட்டா சன்னல சாத்திடுறாரு. என்னாண்ட பேசறதே கொறஞ்சி போச்சி. நீ ஏதாச்சும் செய்யுண்ணா.”

நான் என்ன செய்ய முடியும்? வைத்தியமா தெரியும்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு பொய்யோடு உனக்குப் போன் செய்தேன். “மாப்ள, சுமதி அந்த வண்டிய எடைக்குப் போடச் சொல்றா. நாளைக்கு இரும்புக்காரன் வர்றான்.”

“எடைக்கா? யார் வண்டிய யாருடா எடைக்குப் போடறது?” என்று நீ கத்திய கத்தலில் என் காது அடைத்துப் போனது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். தோளில் ஒரு பை நிறைய ஸ்பேனர்.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். கிக்கரை மிதித்தாய், அது பாதியில் நின்றது. இடது கையால் டேங்கைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாய். “மச்சான், இத முழுசா எறக்கி, நானே கட்டப்போறேன். இது ஓடுச்சின்னா கடைய தொறப்பேன். ஓடலன்னா இந்தக் கைய நம்பி இன்னொருத்தன் வண்டிய தொடமாட்டேன். அவ்ளோதான்.”

விளையாட்டாகத் தொடங்கியது அந்த நிமிஷம் விளையாட்டு இல்லாமல் போயிற்று. வேண்டாம், இப்படிச் சபதமெல்லாம் போடாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே “ஓடும் போ” என்றேன்.

பத்துப் பதினொரு ஞாயிறு இருக்குமா? என் வீட்டு ஹாலில் பேப்பர் விரித்து, அதன் மேல் என்ஜினைக் குடல் உருவிப் போட்டோம். சிலிண்டர் உருளையைத் துருவிச் சரிசெய்ய முதுநகரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பேரிங் உட்கார வைக்க நீ சொன்ன வழியைச் சுமதி இன்றுவரை மறக்கவில்லை. பேரிங் குளிர்ந்து சுருங்க வேண்டும், அது உட்காரும் கூடு சூடாகி விரிய வேண்டும். ஆகையால் பேரிங் இரண்டும் ஃப்ரீசரில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் படுத்தன. கூடு தோசைக்கல்லின் மேல் ஏறியது.

“தோசைக்கல்லுல என்னா எண்ணெய் விடணும், நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?” என்று சுமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எண்ணெய் வேணாம்மா. தண்ணி தெளிச்சிப் பாரு. தோசை ஊத்துற பதம் வந்ததும் சொல்லு” என்றாய் நீ, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவளும் தண்ணீர் தெளித்துப் பார்த்து, “வந்துடிச்சி வந்துடிச்சி” என்று கத்தினாள். நீ பேரிங்கைப் போட்டாய். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை. டொக் என்று ஒரு சத்தம், தானே போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடமாக வெப்ப விரிவைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க மீன் குழம்பில் கிரீஸ் வாசனை வருகிறது என்று சுமதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. பிஸ்டனில் ரிங் ஏற்றும்போது உன் வலது கட்டைவிரல் ஒரு நொடி தாமதித்தது. ரிங் பட்டென்று ஒடிந்தது. நீ துண்டுகளைப் பேப்பரில் மடித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாய். திரும்பி வர வெகுநேரம் ஆனது. நான் போய் வேறு ரிங் வாங்கி வந்தேன். அதை நீ இடது கையால் பிடித்து, வலது கையைச் சும்மா காவலுக்கு வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஏற்றினாய். ஏறியதும் என்னைப் பார்த்தாய் பார், மாப்ள. கல்யாணத்தன்றுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

காற்றுப் புகாமல் உருளையின் அடியில் வைக்கும் கேஸ்கெட் காகிதத்தை நீயே வெட்டினாய். நான்கு நட்டையும் குறுக்கே குறுக்கே மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினாய். வலது கைக்குத் தெம்பு போதாமல் இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்தாய். “டைட்டு பண்றது பலத்துல இல்ல மச்சான், வரிசையில இருக்குது. பொறுமையா வந்தா போதும்.” முடித்ததும், “நீ ஒரு தபா பாத்துடேன்” என்றாய். நான் பார்க்கவில்லை. நீ செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். கையில் எடுக்கிற சாமான் அத்தனையும் சாமி முன்னால் வர வேண்டும். பூஜை முடிந்தால் மறுநாள் வரை எதையும் தொடக்கூடாது. கடைச் சந்தனப் பொடி ஆகாது, கட்டையில் உரைத்த சந்தனம்தான். அந்த வருடம் உன் சாமான் எல்லாம் என் வீட்டில் இருந்ததால் பூஜையும் என் வீட்டுக்கு வந்தது. நீயும் வனிதாவும் சந்தனத்தைக் கிண்ணத்தில் உரைத்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். என்ஜின் கட்டி முடிந்திருந்தது. கார்புரேட்டர் மட்டும் பிரித்துக் கழுவி, ஒரு எவர்சில்வர் தட்டில் பாகம் பாகமாகக் கிடந்தது. அதை மாட்டுவது என் வேலை என்று நீ ஒதுக்கியிருந்தாய். வாத்தியாருக்கு ஏற்ற சுலபமான வேலை.

பொட்டு வைக்க நீதான் உட்கார்ந்தாய். கை நடுங்கியதில் சந்தனம் ஸ்பேனரை விட்டுப் பாயில் விழுந்தது. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தீக்குச்சியால் எல்லாவற்றுக்கும் வைக்க ஆரம்பித்தேன். தட்டுக்கு வந்தபோது நீ தடுத்தாய்.

“தொறந்து கெடக்கிற சாமானுக்கு வேணாம் மச்சான். தட்டுக்கு ஒண்ணு வச்சா போதும்.”

“சாமி முன்னாடி ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம இருப்பாங்களாடா? அப்புறம் எது கோவிச்சிக்குமோ” என்று நான் கேலி பேசினேன். சாமி இருக்கிறதா இல்லையா என்று மூன்று தலைமுறைக்குச் சந்தேகப்படுகிற நான்தான் அன்றைக்கு உன்னைவிடப் பெரிய பக்தனாகிவிட்டேன். மிதவைக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, மெயின் ஜெட்டின் தலையில் ஒன்று. அந்தத் தலையில்தான் துளை இருக்கிறது. வனிதாகூட, “எங்கண்ணனுக்கு இன்னிக்கி என்னா பக்தி பாருங்க” என்று சிரித்தாள்.

மறுநாள் எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி மாட்டினேன். பெட்ரோலில்! தண்ணீர் விட்டு உரைத்த சந்தனம் பெட்ரோலில் கரையுமா? வகுப்பில் ஒரு மாணவன் இந்த விடையை எழுதினால் சுழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டிருப்பேன். மேலே இருந்தது போயிற்று. துளைக்குள் இறங்கியது அப்படியே காய்ந்து நின்றது. நான் ஊதிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி மூன்றாவது உதையில் எழுந்தது. நீலப் புகை கொட்டகையை நிறைத்து, வேலிக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். நீ குனிந்து, காதை என்ஜின் பக்கம் கொடுத்து, காற்றுத் திருகை அரைக்கால் அரைக்காலாகத் திருப்பினாய். துள்ளிக்கொண்டிருந்த சத்தம் அடங்கி, ஒரே தாளத்தில் நின்றது. அப்போது உன் விரல் நடுங்கியதா? நான் கவனிக்கவே இல்லை. நீயும் கவனித்திருக்க மாட்டாய். “சத்தம் பொய் சொல்லாது மச்சான்” என்றாய். வனிதா கொட்டகை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

இப்போது எனக்குப் புரிகிறது, சத்தம் பொய் சொல்லவில்லை. அது பாதியைத்தான் சொன்னது. நின்ற இடத்தில் ஓடும்போதும் மெதுவாகப் போகும்போதும் சின்ன ஜெட் வழியாகத்தான் பெட்ரோல் வரும். அது கார்புரேட்டரின் உடம்புக்குள் இருந்ததால் என் தீக்குச்சிக்குத் தப்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போதுதான் மெயின் ஜெட்டுக்கு வேலை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வருவதுதான் பிஸ்டனுக்கு எண்ணெய். பெட்ரோல் பாதி வந்தால் எண்ணெயும் பாதி.

அடுத்த ஞாயிறு, மழை பிடிப்பதற்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வண்டியை ஒரு மினி வேனில் ஏற்றிக் கடலோரச் சவுக்குத் தோப்புக்குக் கொண்டுபோனோம். நீ இரண்டு சுற்று பொறுமையாக ஓட்டினாய். புது பிஸ்டனை முதலில் விரட்டக்கூடாது என்றாய். நான்தான் அவசரக்காரன். “என்னாடா கல்யாண ஊர்வலம் மாதிரி ஓட்டுற? நல்லா குடுத்துதான் பாரேன்” என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். குடுத்தாய்.

மணல் பின்னால் பீய்ச்சி அடித்தது. வெள்ளாற்றில் ஓட்டிய அதே ஆள், அதே முதுகு. நான் வாயில் விரல் வைத்து விசில் அடித்தேன். அந்த விசில் முடிவதற்குள் சத்தம் திடீரென்று கூர்மையாகி, கிறீச்சென்று நின்றது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. நீ ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து மணலில் விழுந்தாய்.

ஓடிவந்தேன். மணலாக இருந்ததால் தப்பித்தாய், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. உன்னைத் தூக்கி உட்கார வைத்தேன். நீ எழுந்ததும் முதல் வேலையாக வண்டியிடம் போய்ப் பிளக்கைக் கழற்றினாய். அது பெட்ரோல் போதாமல் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“பிஸ்டன் புடிச்சிக்கிச்சி மச்சான்” என்றாய். “காத்து இழுத்திருக்கு. அடி கேஸ்கெட்டுதான். நான் டைட்டு பண்ணது சரியா இல்ல.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருக்காது மாப்ள, பிரித்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். நீ செத்துப்போயிருப்பாயோ என்ற பயம் எனக்குக் கோபமாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். “கை வரலன்னா வரலன்னு சொல்லித் தொலைக்கலாமில்ல? எதுக்குடா இந்த வீம்பு? இன்னொருத்தன் ஏறியிருந்தா அவன் கதி என்னா?” என்று கேட்டேன்.

நீ கையில் ஒட்டிய மணலை மற்றக் கையால் தட்டினாய். மணல் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாய். வேனில் திரும்பும்போது, “வனிதாகிட்ட விழுந்தத சொல்லாத” என்றதோடு சரி.

நாம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் தேவலை. தீபாவளிக்கு வந்தாய், பொங்கலுக்கு நான் வந்தேன். எப்போதும்போலச் சிரித்தாய், என் பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்டாய். கடையைக் காலி செய்துவிட்டு, கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாய். ஒரு தடவை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது நீயாகவே சொன்னாய். “ஒரு விதத்துல நல்லதுதான் மச்சான். நம்ம வண்டியோட போச்சி. வேற எவன் வண்டியாவது கட்டிக் குடுத்திருந்தா அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்வேன்?” அப்போதுகூட நான், அன்றைக்கு வாய் தவறிவிட்டது என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். போன மாசியில் உனக்குப் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது, இரண்டே நாளில் போய்விட்டாய்.

இன்று காலை சந்தனத்தை முகர்ந்த பிறகும் என் புத்தி ஒரு சந்து தேடியது, மாப்ள. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கேஸ்கெட்டும் கசிந்திருக்கலாமே, இரண்டும் சேர்ந்து நடந்திருக்கலாமே, பழியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. பார்த்துவிடுவோம் என்று உன் ஸ்பேனரையே எடுத்தேன். அந்தப் பையை நீ திரும்ப எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

முதல் நட்டு அசையவில்லை. எழுந்து நின்று, உடம்பு பாரம் முழுவதையும் ஸ்பேனர் மேல் போட்ட பிறகுதான் இளகியது. இரண்டாவதும் அப்படியே. நான்கும் ஒரே இறுக்கம். எண்ணெய் விட்டு ஊற வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி உருளையைத் தூக்கினேன். கேஸ்கெட் காகிதம் கிழியாமல் வந்தது. உலோகத்தின் விளிம்பு அதில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி பதிந்திருந்தது. காற்றோ எண்ணெயோ போன தடம் ஓரிடத்தில்கூட இல்லை. நான் பார்க்கச் சோம்பல்பட்ட வேலை. சுமதி பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “வனிதாகிட்ட போய் சொல்லிட்டு வாங்க” என்றாள்.

மதியம் பஸ் ஏறினேன். காகிதத்தை ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனேன். வனிதா அதைக் கையில் வாங்கி, நான் விரலால் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தாள். சந்தனக் கதையைச் சொன்னேன். உன்னிடம் அன்றைக்குச் சவுக்குத் தோப்பில் என்ன பேசினேன் என்பதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அதை நீ அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

“இத ஒரு வருஷம் முன்னாடி தொறந்து பாத்திருக்கக்கூடாதாண்ணா?” என்றாள்.

“தோணலம்மா.”

“எப்படித் தோணும்? அதான் அவரு பேர்ல போட்டாச்சே. அப்புறம் எதுக்குத் தொறந்து பாக்கணும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கோபமும் இருந்தது, நான் அண்ணன் என்பதும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாண்ட அழுது என்னா ஆவப்போவுது? சைக்கிள் செயின் கழண்டா மாட்டமாட்டாரு. பல்பு போனா பக்கத்து வீட்டு ஆள கூப்புடுவாரு. ‘என் கை வேணாம்’னு சொல்வாரு. ஒடம்பு முடியல போலன்னு நானும் வுட்டுட்டேன். கடை இருந்த சந்து வழியா நடக்கவே மாட்டாரு, சுத்திகினு போவாரு. கை போயிடுச்சின்னு அங்க எல்லாரும் பேசிக்கிறாங்கன்னு அவருக்கு நெனப்பு. நீ அங்க போய் சொல்லு. என்னாண்ட சொன்னத அப்படியே சொல்லு.”

போனேன், மாப்ள. உன் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எதிரில் அந்த டீக்கடை அப்படியே இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் என்பதால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உனக்கு மைத்துனன் என்று சொன்னதும் டீக்கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மாணவர்கள் முன்னால் இருபது வருடம் பேசியவனுக்கு அந்த நாலைந்து பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னேன். அந்த என்ஜினை அவன் கட்டியது சுத்தமான வேலை, கெடுத்தது நான், பழியை அவன் மேல் போட்டதும் நான், அவன் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று காகிதத்தைக் காட்டிச் சொன்னேன்.

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதுல எங்களுக்கு என்னிக்கு சார் சந்தேகம் வந்துச்சி? கடைய மூடின பெறவும் நாங்க வுடல. லாட்ஜு வாசல்லயே வண்டிய கொண்டும்போயி நிறுத்துவோம். நீங்க தொட வேணாம் அண்ணே, சத்தத்த மட்டும் கேட்டு சொல்லுங்கன்னு கெஞ்சுவோம். அவரு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்குவாரு. சிரிச்சிகினே, வேற ஆளப் பாருங்கப்பான்னுடுவாரு. அவுரு கைய நம்பாதவரு இந்தச் சந்துல அவுரு ஒருத்தருதான் சார்.”

பக்கத்தில் நின்றவர் ஒருவர் ஆமாம் என்று தலையாட்டினார். யாரோ எனக்கு ஒரு டீயை நீட்டினார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

உன்னை நான் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். கையில் கிரீஸோடு, சோற்றோடு, என் தங்கையின் கையைப் பிடித்தபடி, வெள்ளாற்று மணலில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற உன்னை நான் பார்த்ததே இல்லை. என் எதிரில் நீ அப்படி நிற்கவில்லை, எனக்கு வலிக்கும் என்று. இன்று சாயங்காலத்திலிருந்து அந்த ஒரு கோலத்தில்தான் எனக்குள் நிற்கிறாய். கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான். இனி என் காலம் முடியும்வரை அப்படித்தான் நிற்பாய் என்று தெரிகிறது.

கையை முன்னால் கொண்டுவா, மாப்ள. நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். உன் வேலை சரியாக இருக்கிறது.